முன் ஃபோர்க் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?

பிரேக் பிடித்ததும் உங்கள் கப்சாயின் முன்பக்கம் சட்டென்று குனிகிறதா? மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை குதிக்கிறதா? ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பலர் நினைப்பார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணெயைத்தான்.

ஃபோர்க்கில் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. குழியில் இறங்கும்போது அழுந்தி ஆற்றலைச் சேமிக்கிறது. சேமித்ததை உடனே திருப்பித் தருவதால், அது மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டே போகும். எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது அந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது, குதிப்பு அடங்குகிறது. நாளடைவில் உலோகத் துகளும் ஈரமும் கலந்து எண்ணெய் கெடுகிறது.

மாற்றும் முறை:

1. எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து முன் சக்கரத்தை உயர்த்துங்கள். கால் பிடிப்பில் இருக்கும்போதே அதன் மேல்மூடியைச் சற்றுத் தளர்த்துங்கள்.

2. சக்கரத்தையும் பிரேக் கேலிப்பரையும் கழற்றுங்கள். கேலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கட்டிவையுங்கள்.

3. காலை இறக்கி, மூடியை அழுத்திப் பிடித்தபடி திறங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுந்தியிருப்பதால் மூடி தெறிக்கக்கூடும். முகத்தை விலக்கியே வையுங்கள்.

4. கவிழ்த்து, மேலும் கீழும் இயக்கிப் பழைய எண்ணெயை வடியுங்கள்.

5. கையேடு சொல்லும் தரத்தையும் அளவையும் இரு கால்களிலும் சமமாக ஊற்றுங்கள். மெதுவாக இயக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

6. ஸ்பிரிங் இல்லாமல் காலை முழுதும் அழுத்தி, விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளந்து சரிசெய்யுங்கள்.

இந்த அளவு ஏன் முக்கியம்? எண்ணெய்க்கு மேலுள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஃபோர்க் 100 மி.மீ. அழுந்துகிறது, முழுதும் அழுந்தியபின் காற்றுக்கு 100 மி.மீ. மிஞ்சுகிறது என்று வைப்போம். 200 மி.மீ. காற்று பாதியாகிறது, பாயில் விதிப்படி அழுத்தம் ஏறத்தாழ 2 மடங்காகும். எண்ணெயைக் கூட்டி 50 மி.மீ. மட்டும் விட்டால், 150 மி.மீ. காற்று 50 ஆகச் சுருங்குகிறது. அழுத்தம் 3 மடங்கு. மேலும் கூட்டினால் சீல் பிய்ந்துவிடும்.

கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஃபோர்க் இறங்குவதும் எழுவதும் மெதுவாகும். ஸ்பிரிங்கின் வலிமை மாறாது. மிகவும் கெட்டியானால் அடுத்தடுத்த குழிகளில் சக்கரம் சாலையைத் தொடர முடியாது. ஆகவே ஒரு படி மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பூட்டியபின் பிரேக் நெம்புகோலைப் பலமுறை அழுத்தி, பிடிப்பு வந்ததா என்று பார்த்தே புறப்படுங்கள். குழாயில் எண்ணெய் கசிந்தால் சீலை மாற்றுங்கள். அந்த எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் வழிந்தால் வண்டி நிற்காது. அன்று வண்டியைத் தொடாதீர்கள்.