உறுதியும் இறுக்கமும்



"கோயில் வழிபாட்டில் என் மகனுக்கு நாட்டம் இல்லை. ஆயினும் பசித்தவரைக் கண்டால் தன் உணவைப் பகிர்ந்து கொடுக்கின்றான். இவனுக்கு நல்வழி உண்டா?" இவ்வினா நம் இல்லங்களில் பெற்றோர் பலர் உள்ளத்தில் எழுகின்றது. மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி அன்றோ? அஃது இன்றி ஒழுக்கம் மட்டும் பயன் தருமோ என அவர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தைச் சற்று ஆராய்வோம்.

நற்காட்சியின் அடையாளம்

நற்காட்சி உடையவரிடம் காணப்படும் அடையாளங்கள் நான்கு என நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். சினம் முதலியன தணிதல், பிறவித் துன்பத்திற்கு அஞ்சி அறத்தை விரும்புதல், உயிர்களிடம் இரக்கம், மெய்ப்பொருள்களில் நம்பிக்கை என்பனவே அவை. நம்பிக்கையோடு ஒரே வரிசையில் இரக்கமும் நிற்றலைக் காண்க.

பொய்க்காட்சியாகிய மித்தியாத்துவம் ஐவகைப்படும். ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு, அதுவே முழு உண்மை எனச் சாதிப்பது ஏகாந்தம். ஆராயாமல் எல்லாவற்றையும் சமமாக வணங்குவது விநயம். இவை இரண்டும் அவ்வைந்தனுள் அடங்கும். ஆதலின் இறுகிய பிடிவாதமும் நெறியன்று. எதையும் ஆராயாத தளர்ச்சியும் நெறியன்று. வேரூன்றிய மரம் காற்றில் அசையும், ஆயினும் சாயாது. உறுதி அத்தன்மையது. அசையவே மறுக்கும் பட்டமரமோ முறிந்து வீழும். இறுக்கம் அத்தன்மையது.

நம் ஊரில் ஒரு சான்று

ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடையில் அமைந்த நம் திருப்பத்தூரில், 1921ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதனை நிறுவியோர் இருவர், இருவரும் மருத்துவர். ஒருவர் தமிழராகிய சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்து நாட்டவராகிய எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். ஆங்கிலேயர் ஆண்ட அக்காலத்தில், தமிழரைப் பெரியண்ணன் என்றும் வெள்ளையரைச் சின்னண்ணன் என்றும் மக்கள் அழைத்தனர். கதர் உடுத்தி, இல்லறம் ஏற்காது, நோயுற்ற ஏழைகளுக்கு மருத்துவம் செய்து இருவரும் வாழ்ந்தனர். தம் வழிபாட்டு மண்டபத்தையும் தமிழகக் கோயில் அமைப்பில் எழுப்பினர்.

அவர்கள் தம் சமயத்தை விட்டவர் அல்லர். அதன்பால் முழு உறுதி கொண்டிருந்தனர். அதைச் சூழ்ந்திருந்த அயல்நாட்டு ஆடம்பரத்தையும், இன உயர்வு என்னும் செருக்கையுமே விட்டனர்.

வடலூரில் மற்றொரு சான்று

இராமலிங்க வள்ளலார் (1823–1874) சென்ற வழி வேறு. சிவபெருமான்மீது உருகிப் பாடிய அவர், 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பெரும்பற்று நீங்கிற்று எனத் தாமே அறிவித்தார். சாதி சமய வேறுபாடுகளைக் கடந்து வருமாறு அன்பர்களையும் அழைத்தார். எனினும் இறையுணர்வை அவர் கைவிடவில்லை, அருட்பெருஞ்ஜோதியாக வழிபட்டார். அவ்வுரைக்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிந்து, பசித்து வருவோர்க்கு உணவளிக்கின்றது. கொலையும் புலாலும் தவிர்த்தல் அவர் நெறிக்கு அடிப்படை என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

ஒருவர் தம் சமயத்தில் நின்றார். மற்றொருவர் சமய எல்லையைக் கடந்தார். இருவழியும் துன்புறும் உயிரின் வாயிலிலே வந்து சேர்ந்தன. நாம் வகுத்துள்ள நால்வகைத் தானங்களுள், மருந்து முன்னவரிடமும் உணவு பின்னவரிடமும் சிறந்து விளங்கின.

இன்பம் எங்கே?

பசி தீர்ந்தவரின் அகத்திலும் முகத்திலும் தோன்றும் மலர்ச்சியை வள்ளலார் தம் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் நூலில் விரித்துரைக்கின்றார். அம்மலர்ச்சியைக் காண்பவர் உள்ளமும் மலரும். நம் தத்துவார்த்த சூத்திரம் வலியுறுத்தும் நான்கு பாவனைகளுள் ஒன்று பிரமோதம். அதாவது, நற்குணம் உடையவரைக் கண்டு மகிழ்தல். அவர் எச்சமயத்தவர் எனக் கேட்டபின் மகிழ்க என்று அது நிபந்தனை விதிக்கவில்லை. பிறர் நலம் கண்டு மகிழத் தெரிந்தவர்க்கு மகிழ்ச்சிக்குப் பஞ்சம் இல்லை.

எனவே, அவ்வினா எழுப்பிய பெற்றோர்க்கு உரைப்பது இது: தங்கள் மகனிடம் நற்காட்சியின் அடையாளம் ஒன்று ஏற்கெனவே துளிர்த்துள்ளது. கடிந்துரைத்து அத்துளிரைக் கிள்ளற்க. கோயிலுக்கு வருமாறு அழையுங்கள், வற்புறுத்தாதீர்கள். அவன் உணவளிக்கச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். உங்கள் நம்பிக்கையின் உறுதியை அவன் அங்கே காண்பான்.

சிந்திக்க, செய்ய

1. நம் குடும்பத்தில் உறுதி எது, இறுக்கம் எது? எடுத்துக்காட்டுடன் கூறுக.
2. பிற சமயத்தவர் ஒருவரிடம் கண்ட நற்குணம் ஒன்றை இவ்வாரம் இல்லத்தில் எடுத்துரைக்க.
3. நால்வகைத் தானங்களாகிய உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகியவற்றுள் இம்மாதம் நம்மால் இயன்றது எது? பிள்ளைகளோடு அமர்ந்து முடிவு செய்க.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!