பத்துப் பேர், பத்துப் பலகை: திமிரி வட்டாரத்தில் மரச்செதுக்கு அச்சுக் குழு தொடங்குவது எப்படி?

ஓவியர் ஒருவர் தன் ஓவியத்தை நண்பருக்குக் கொடுத்துவிட்டால் அது அவர் கையை விட்டுப் போய்விடும். மரச்செதுக்கு அச்சில் அந்த இழப்பே இல்லை. ஒரே பலகையிலிருந்து பன்னிரண்டு தாள் எடுத்தால் பன்னிரண்டும் மூலப்படைப்புதான். பத்து ஓவியர்கள் ஆளுக்கொரு பலகை செதுக்கி, அச்செடுத்துத் தாள்களை மாற்றிக்கொண்டால் ஒவ்வொருவர் வீட்டிலும் பத்துப் பேரின் படைப்புகள் சேர்ந்துவிடும். உலகின் பல நாடுகளில் அச்சுக் கலைஞர்கள் இப்படித்தான் பரிமாற்றம் நடத்துகிறார்கள். அதற்குப் பெரிய இயந்திரமும் தேவையில்லை, காட்சிக்கூடமும் தேவையில்லை.

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கும் திமிரி இதற்கு ஏற்ற ஊர். ஒரு பக்கம் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள். இன்னொரு பக்கம் ஆரணிப் பட்டு நெசவு. கத்தியின் பதம் அறிந்தவர்கள், ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டுபவர்கள், சேலை டிசைன் போடுபவர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள், சுவர் எழுதும் ஓவியர்கள் எல்லாரும் பஸ்ஸில் வந்து சேரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். இவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டிகள் படித்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் படங்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. கூடிச் செய்வதற்கும் முன்னோடிகள் உண்டு. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் சேர்ந்து செய்து விற்றுத்தான் ஓவியர்கள் அதை நிலைநிறுத்தினார்கள். 1931 ஆகஸ்டில் ஷாங்காய் நகரில் எழுத்தாளர் லூ சுன் இளம் ஓவியர்களைக் கூட்டி மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார். சில நாள் மட்டுமே நடந்த அந்த வகுப்பிலிருந்து சீனாவில் ஒரு பெரும் கலை இயக்கமே கிளம்பியது. சிறிய குழு, தெளிவான விதி, குறித்த நாள் ஆகிய மூன்றும் இருந்தால் வேலை நடக்கும்.

1. முதலில் விதிகளை எழுதுங்கள்

குழு கலைவது திறமைக் குறைவால் அல்ல. ஒருவர் பெரிய தாளிலும் இன்னொருவர் சிறிய தாளிலும் அச்சிட்டு, மூன்றாமவர் நாள் கடத்தும்போதுதான் சலிப்பு வருகிறது. ஆகவே பலகை வாங்கும் முன்பே இவற்றை எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள்:

- உறுப்பினர் பத்துப் பேர். முதல் சுற்றுக்கு அதற்கு மேல் வேண்டாம்.
- தாள் 20 × 25 செ.மீ. படம் 15 × 20 செ.மீ. சுற்றிலும் 2.5 செ.மீ. வெள்ளை ஓரம்.
- கறுப்பு மை மட்டும். வண்ணம் இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.
- ஆளுக்குப் பன்னிரண்டு தாள். தனக்கும் சேர்த்து உறுப்பினர்களுக்குப் பத்து, பொதுத் தொகுப்புக்கு ஒன்று, சேதமானால் மாற்றுவதற்கு ஒன்று.
- ஒரே பொருள். ‘வேலை செய்யும் கைகள்’ என்று வைத்தால் இந்த வட்டாரத்தில் படத்துக்குப் பஞ்சமே இராது.
- ஒருங்கிணைப்பாளர் ஒருவர். தாள்களை வாங்குவது, எண்ணுவது, பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

நாட்களையும் நம் பருவத்துக்கு ஏற்பக் குறியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை ஈரம் வாங்கி ஊதும். மையும் சீக்கிரம் காயாது. பொங்கல் முடிந்ததும் தொடங்கி, தையில் படம் வரைந்து, மாசியில் செதுக்கி, பங்குனியில் அச்சிட்டால் சித்திரையில் பரிமாறிக்கொள்ளலாம்.

2. பலகை

நன்றாகக் காய்ந்த, முடிச்சு இல்லாத, ரேகை நெருக்கமான மரம் வேண்டும். மரக்கடைகளில் கிடைக்கும் குமிழ் தேக்கு கைக்கு மென்மையானது, எளிதில் வளையாது. கர்நாடகத்தின் சன்னபட்டணா பொம்மைக்காரர்கள் பயன்படுத்தும் வெட்பாலை நுண்ணிய கோடுகளுக்கு உகந்தது. மலிவாக முடிக்க வேண்டுமானால் 6 மி.மீ. பிளைவுட் போதும். ஆனால் மேலடுக்கில் சிலாம்பு எழும்பாத ரகமா என்று ஒரு துண்டில் உளி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இயந்திரங்கள் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிப் பலகையும் நல்லதுதான். ஆணி ஒன்று விடாமல் பிடுங்கிவிட வேண்டும்.

எந்தப் பலகையானாலும் நைசான உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிறகு நீர்த்த மையை ஒரு கை பூசிக் காயவிடுங்கள். பலகை மங்கலாக இருந்தால்தான் செதுக்கிய இடம் பளிச்சென்று தெரியும்; அச்சில் எது வெள்ளை, எது கறுப்பு என்பது செதுக்கும்போதே கண்ணுக்குப் புலப்படும்.

உளியே பிடித்திராதவர்கள் ஷூ ஆலைகளில் மிஞ்சும் வழவழப்பான சோல் ரப்பர் துண்டில் ஓரிரு நாள் பழகலாம். ரப்பருக்கு ரேகை கிடையாது, எந்தத் திசையிலும் உளி ஓடும்.

3. உளியும் தோலும்

ஆளுக்கு மூன்று கருவி போதும்: கோடு கீற ஒரு கூர்கத்தி, மெல்லிய வெள்ளைக் கோட்டுக்கு வி வடிவ உளி, அகலமான இடத்தை வாரி எடுக்க யு வடிவ உளி.

மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் கை வழுக்கிக் காயம் படுகிறது. கூராக இருக்கும் உளி அழுத்தாமலே ஓடும். தீட்டுக்கல்லில் தீட்டிய பிறகும் வாயில் ஒரு பிசிறு மிஞ்சியிருக்கும். அதைப் போக்குவதற்குத் தோலைவிடச் சிறந்தது இல்லை. இந்த இடத்தில்தான் நம் ஊர் கைகொடுக்கிறது. மரப்பட்டைச் சாயத்தில் பதனிட்ட, கெட்டியான தோல் துண்டு ஒன்றை வாங்கி, சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி ஒரு கட்டையில் ஒட்டுங்கள். அதன்மேல் ஹார்டுவேர் கடையில் விற்கும் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேயுங்கள். உளியின் சாய்ந்த முகத்தைத் தோலில் படிய வைத்து, பின்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். முன்னே தள்ளினால் உளி தோலையே வெட்டிவிடும். பத்து இழுப்பு போதும். ஒரு காகிதத்தின் விளிம்பில் வைத்துப் பாருங்கள். கிழிக்காமல் அறுத்தால் பதம் வந்துவிட்டது. செதுக்கும்போது கால்மணிக்கு ஒருமுறை தோலில் இழுத்துக்கொண்டால் அன்று முழுக்கக் கல்லைத் தொட வேண்டியிராது.

4. படத்தை ஏற்றுவது

பலகையில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். ஆகவே மெல்லிய தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்து, பின்பக்கம் தெரியும் கோடுகளைக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் ஏற்றுங்கள். ஏற்றியதைக் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். அச்சில் எப்படி வரும் என்பது அதில் தெரியும்.

படத்தில் எழுத்து இருந்தால் இன்னும் கவனம் தேவை. கறுப்பு எழுத்து வேண்டுமானால் எழுத்தை விட்டுச் சுற்றிலும் செதுக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது முதலில் உடைந்து போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாக வைத்துக்கொண்டால் எழுத்தை மட்டும் வி உளியால் கீறினால் போதும். புள்ளிக்கு உளிமுனையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது.

5. செதுக்குவது

மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி, கீழே ஒரு சட்டமும் மேலே ஒரு சட்டமும் அடித்த பலகை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அச்சுப் பலகை அதில் முட்டி நிற்கும். பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். இந்த ஒரு விதியைப் புதியவர்களுக்கு ஒவ்வொரு நாளும் நினைவூட்டுங்கள்.

முதலில் கத்தியால் கோட்டின் இரு ஓரத்தையும் கீறுங்கள். கத்தி கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் நிற்கும் கோடு மேலே மெலிந்தும் அடியில் அகன்றும் வலுவாக இருக்கும். உள்ளே குடைந்தால் தேய்க்கும்போது உதிர்ந்துவிடும். ஓரம் கீறிய பிறகு யு உளியால் நடுப்பகுதியை வாருங்கள். ஆழம் 2 மி.மீ. போதும், அகலமான வெள்ளைப் பரப்புக்கு 3 மி.மீ. வரை போகலாம். மரம் பிய்ந்து வந்தால் ரேகைக்கு எதிராகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வாருங்கள்.

வெள்ளைப் பரப்பில் சிறு முகடுகள் மிஞ்சி, அச்சில் கீற்றுகளாக விழும். எல்லாவற்றையும் வழித்துவிட வேண்டும் என்பதில்லை. உளி நடந்த தடம் தெரிவது இந்தக் கலைக்கே உரிய அழகு. வானத்திலும் நீரிலும் அவற்றை ஒரே திசையில் விட்டுப் பாருங்கள், படம் அசையத் தொடங்கும்.

6. மையும் தாளும்

பிரஸ்களில் பயன்படும் கறுப்பு ஆப்செட் மை ஒரு டப்பா வாங்கினால் பத்துப் பேருக்கும் போதும். கெட்டியாக இருந்தால் இரண்டு சொட்டு ஆளி விதை எண்ணெய் விட்டுக் குழைக்கலாம். தாள் மெல்லியதாகவும் நார் நீண்டதாகவும் இருந்தால் கையால் தேய்த்தே தெளிவாக வரும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலைத் தாள்களில் மெல்லிய ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பத்துப் பேருக்கும் ஒரே இடத்தில், ஒரே தடவையில் வாங்குங்கள்.

7. அச்செடுப்பது

கண்ணாடித் துண்டில் மையைக் கொஞ்சமாக எடுத்து ரப்பர் ரோலரால் எல்லாத் திசையிலும் பரப்புங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். மை அதிகமாக இருந்தால் ரோலர் ‘சொத சொத’ என்று ஒட்டும். அளவு சரியானதும் ‘சுர்ர்’ என்று மெல்லிய ஓசை வரும். மையின் பரப்பு வெல்வெட் துணி போல இருக்கும். அந்த நிலையில் பலகையில் உருட்டுங்கள். ஒரே தடவையில் அப்பாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள்.

தாள் நேராக விழுவதற்கு ஓர் அட்டையில் பலகைக்கும் தாளுக்கும் மூலை குறித்து வையுங்கள். தாளின் ஒரு விளிம்பை மூலையில் பொருத்தி மெதுவாகத் தாழவிடுங்கள். மேலே பட்டர் பேப்பர் போட்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். ஜப்பானியர்கள் இதற்கு மூங்கில் உறை சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தட்டை வைத்திருக்கிறார்கள். வட்ட மரத்துண்டின்மேல் அட்டை வைத்து, வழவழப்பான தோலை இழுத்துக் கட்டி நாமே ஒன்று செய்துகொள்ளலாம். தேய்த்து முடிந்ததாகத் தோன்றினால் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். கறுப்பு வெளிறியிருந்தால் திரும்பப் படியவைத்து மீண்டும் தேய்க்கலாம்.

வெயில் ஏறினால் மை இளகும். காலை பத்து மணிக்குள் அன்றைய தாள்களை முடித்துவிடுவது நல்லது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மையின் ரகத்தைப் பொறுத்துக் காய்வதற்கு ஓரிரு நாளும் ஆகும், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும்.

8. குறைகளைச் சரிசெய்வது

- திட்டுத்திட்டாக வெளிறினால்: தேய்த்தது போதவில்லை, அல்லது பலகை சமமாக இல்லை.
- மெல்லிய வெள்ளைக் கோடுகள் அடைத்துக்கொண்டால்: மை அதிகம். பழைய செய்தித்தாளில் ஓர் அச்செடுத்து மையை உறிஞ்சவிட்டு, மறுபடி குறைவாகப் பூசுங்கள்.
- கோடு இரட்டையாக விழுந்தால்: தாள் நகர்ந்துவிட்டது. இடது கையால் எப்போதும் ஒரு பக்கத்தை அழுத்திக்கொள்ளுங்கள்.
- கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள் வந்தால்: தூசி அல்லது மரத்தூள். பலகையைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மை பூசுங்கள்.

9. சுத்தம்

மிஞ்சிய மையை அட்டையால் வழித்தெடுங்கள். ரோலரையும் கண்ணாடியையும் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சோப்புத் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம். மைத்துணியைச் சாக்கடையில் அலசவும் வேண்டாம். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் கழிவு கெடுத்ததற்காக 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய வட்டாரம் இது. நம் கலையால் ஒரு சொட்டு நஞ்சும் மண்ணில் சேரக்கூடாது.

10. எண்ணிடுவதும் பரிமாறுவதும்

காய்ந்த தாளில் படத்துக்குக் கீழே பென்சிலால் இடப்பக்கம் 1/12, 2/12 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. இது உலக வழக்கு. பன்னிரண்டு என்று எழுதினால் பன்னிரண்டுதான். பிறகு ரகசியமாகப் பதிமூன்றாவது எடுக்கக் கூடாது. அச்சுக் கலையின் நாணயமே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

ஒருங்கிணைப்பாளர் தாள்களை எண்ணிச் சரிபார்த்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லிய தாள் வைத்து, பொதுத் தொகுப்பையும் சேர்த்துப் பதினொரு தொகுப்பாகப் பிரிக்கட்டும். யார், என்ன மரம், என்ன மை, எந்த மாதம் என்ற விவரப் பக்கம் ஒன்று ஒவ்வொரு தொகுப்பிலும் இருக்கட்டும். தோலில் உறை தைத்தால் நம் ஊர் முத்திரையாக இருக்கும். ஆனால் தோலின் எண்ணெயும் சாயமும் தாளில் கறை ஏற்றும் என்பதால் உள்ளே கெட்டித் தாள் உறை கட்டாயம்.

பரிமாறும் நாளில் பலகைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தாளையும் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேசட்டும். ஒருவர் உளியோட்டத்தைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்வது அன்றுதான். பொதுத் தொகுப்பை ஊர் நூலகத்துக்கோ அரசுப் பள்ளிக்கோ கொடுத்துவிடுங்கள். மேலும் கற்க விரும்புகிறவர்கள் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதமி மண்டல மையத்தின் அச்சுக்கலைக் கூடத்தைப் போய்ப் பார்க்கலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை மூன்று: பத்துப் பெயரை எழுதுங்கள், விதித் தாளில் கையெழுத்து வாங்குங்கள், சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பரிமாறும் நாளாகக் குறியுங்கள். நாள் குறித்துவிட்டால் பலகையும் உளியும் தானாக வந்து சேரும்.