பிள்ளை யாரிடம் வளர்வது?
சட்டமும் நாமும் – குழுக் கூட்டங்களுக்கான பாடம்

மாத்தளை நகரிலே குடும்ப நீதிமன்றம் எங்கே இருக்கின்றது என்று எம்மிடம் கேட்டு வருபவர்கள் உண்டு. அப்படியொரு பெயர்ப்பலகையை அவர்கள் அங்கு காணமாட்டார்கள். 1978 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் குடும்ப நீதிமன்றம் என்ற ஒன்றை ஏற்படுத்தியது உண்மையே. ஆனால் 1981 இல் வந்த திருத்தச் சட்டம் அதன் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டது. ஆகவே காணி வழக்குக்காக நீங்கள் ஏறி இறங்கிய அதே மாவட்ட நீதிமன்றத்திலேதான் பிள்ளையின் வழக்கும் நடைபெறுகின்றது. வேலித் தகராறும் விவாகரத்தும் ஒரே மண்டபத்தில், ஒரே காலையில் அழைக்கப்படும்.

கணவனும் மனைவியும் பிரிந்தபின் பிள்ளை யாருடன் இருப்பது என்பதைச் சட்டம் 'கட்டுக்காப்பு' என்று அழைக்கின்றது. பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் படிப்புக்குமான பணத்தைத் 'தாபரிப்பு' என்கின்றது. இவ்விரண்டும் வேறு வேறு. தாபரிப்பு கேட்பது நீதவான் நீதிமன்றத்தில், 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ். கட்டுக்காப்புக் கேட்பது மாவட்ட நீதிமன்றத்தில். “பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே காசு தரமாட்டேன்” என்று தந்தை சொல்லவும் முடியாது; “காசு தரவில்லை, ஆகவே பிள்ளையைக் காட்டமாட்டேன்” என்று தாய் சொல்லவும் முடியாது. எமது கிராமங்களில் இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் கேட்காத மாதம் இல்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயரையும் ஊரையும் இங்கு கூறப்போவதில்லை. 1983 ஆடிக் கலவரத்தின்போது மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு ஓடி, வவுனியாவிலே காடு வெட்டிப் பயிர் செய்தவர்களின் மக்கள் இவர்கள். 2009 இல் போர் முடிந்து முகாமை விட்டு வெளியே வந்தபின் கணவன் தன் வயலுக்குத் திரும்பினார். மனைவி இரண்டு கைக்குழந்தைகளுடன், ஏற்கெனவே மாத்தளைக்குத் திரும்பியிருந்த தன் தாயிடம் வந்தார். கடன் கழுத்தை நெரித்தது. சில ஆண்டுகளின் பின் பிள்ளைகளைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்குச் சென்றார். அவர் சென்ற சில மாதங்களில் தந்தை வந்து, பள்ளி விடுமுறைக்கு என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றார். விடுமுறை முடிந்தது. பிள்ளைகள் வரவில்லை.

பாட்டி பொலிசுக்குப் போனார். தந்தை தன் பிள்ளையைத் தானே கொண்டுபோயிருக்கின்றார், நீதிமன்றக் கட்டளை ஏதும் இல்லையே என்று கூறி அனுப்பிவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் கூறியதில் பெரிய பிழை இல்லை. பாட்டி வளர்த்தவர்தான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் பாதுகாவலர் அல்லர். வெளிநாடு செல்லும் தாய் 'பிள்ளைகளை என் தாயே பராமரிப்பார்' என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி எழுதி வைப்பது நல்லது. பின்னர் அது சாட்சியாக உதவும். எனினும் அது கட்டளை ஆகாது.

இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாய் திரும்பி வந்து எமது நிலையத்தின் கதவைத் தட்டினார். நாம் என்ன செய்தோம்? வழக்கு வேண்டாம், பேசித் தீர்ப்போம் என்றோம். அங்குள்ள பங்குத் தந்தைக்குக் கடிதம் எழுதினோம். பெரியவர்களை அனுப்பினோம். தந்தை ஒவ்வொரு தடவையும் “அடுத்த மாதம்” என்றார். இப்படியே எட்டு மாதங்கள் சென்றன. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த எட்டு மாதங்கள் எவ்வளவு விலையானவை என்பதை வழக்கு முடியும்போதுதான் அறிந்தோம்.

வழக்கு எப்படித் தொடங்குகின்றது?

விவாகரத்து வழக்கோடு சேர்த்தும் கட்டுக்காப்பைக் கேட்கலாம். விவாகரத்து கேட்காமல் அதற்கு மட்டும் மனுச் செய்யவும் வழி உண்டு. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி விவாகரத்து வழக்கை, அதைத் தொடுப்பவர் வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது முக்கியமானது. திருமணம் வவுனியாவில் நடந்திருந்தாலும், கணவன் இன்றும் அங்கிருந்தாலும், மனைவி மாத்தளையில் வாழ்கின்றார் என்றால் மாத்தளையிலே வழக்கிடலாம். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் தேவைப்படும். உறவினர் வீட்டில் பதிவில்லாமல் தங்கியிருப்போர் இதில்தான் முதலில் இடறுகின்றனர்.

சட்டத்தரணி மூலம் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டதும் மற்றத் தரப்புக்கு அழைப்பாணை செல்லும். முகவரி பிழையானால் அது திரும்பி வரும், மீண்டும் அனுப்பவேண்டும், அதற்கொரு தவணை. சாலமோன் அரசனிடம் வந்த இரண்டு தாய்மாரின் வழக்கு ஒரே நாளில் தீர்ந்தது. மாத்தளையில் அப்படித் தீருவதில்லை. இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் செல்லலாம்.

அதனாலேயே இடைக்காலக் கட்டளை என்பதை நீங்கள் நன்றாக மனதில் பதிக்க வேண்டும். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எந்த நாளில் எங்கே பார்ப்பது என்று கட்டளையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருப்பவர், முடிவு வரும் வேளையில் பிள்ளைக்கு அந்நியராகி இருப்பார்.

வேறொரு வழியும் இருக்கின்றது. பிள்ளையை ஒருவர் முறையற்ற விதத்தில் மறித்து வைத்திருக்கின்றார் என்று ஆட்கொணர்வு மனுவுடன் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லலாம். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரம் உண்டு, எமக்குக் கண்டி. ஆனால் அது அந்த மாகாணத்துக்குள் வைக்கப்பட்டிருப்பவருக்கே பொருந்தும். வவுனியாவில் இருக்கும் பிள்ளைக்காகக் கண்டியில் கேட்க முடியாது. மேலும், இப்பிணக்கை மாவட்ட நீதிமன்றமே விசாரிப்பது பொருத்தம் என்று கருதினால், மேன்முறையீட்டு நீதிமன்றம் தரப்பினரை அங்கேயே செல்லும்படி பணிக்கலாம் என்று அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரை கூறுகின்றது. பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் இந்த வழி. சாதாரண பிணக்குக்கு மாவட்ட நீதிமன்றமே.

நீதிபதி எதைப் பார்க்கின்றார்?

எமது பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. அதன்படி திருமணம் நிலைத்திருக்கும் வரை தந்தைக்கே முதல் உரிமை. 1956 இல் அக்கால உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு நீண்ட காலம் எடுத்துக்காட்டப்பட்டு வந்தது. பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று தாய் நிரூபித்தால் மட்டுமே தந்தையிடமிருந்து பெறலாம் என்பது அதன் போக்கு. ஏழைத் தாய் இதை எப்படி நிரூபிப்பாள்? படிப்படியாக நீதிமன்றங்கள் தாய், தந்தை உரிமையை விடப் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்ளத் தொடங்கின. 1991 இல் இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. பிள்ளையின் அதிசிறந்த நலனே முதன்மையானது என்பது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தில் எழுத்திலும் வந்துவிட்டது. “தகப்பனுக்குத்தான் புள்ளை” என்று இன்றும் திண்ணையில் தீர்ப்புச் சொல்பவர்களுக்கு இதைத் தாராளமாக வாசித்துக் காட்டுங்கள்.

திருமணம் பதியப்படாமல், சட்டம் அதை ஏற்காத நிலையில் பிறந்த பிள்ளைக்குத் தாயே இயற்கைப் பாதுகாவலர். அயலிலுள்ள முஸ்லிம் குடும்பங்களின் விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில் நடந்தாலும், கட்டுக்காப்புப் பிணக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கே வரும்.

நலன் என்றால் என்ன? வசதி மட்டும் அல்ல. கல்வீடு இருப்பவர் வெல்வார், லயன் அறையில் இருப்பவர் தோற்பார் என்பது தவறான எண்ணம். கணவனுக்கு அல்லது மனைவிக்குத் துரோகம் செய்தவர் என்பதற்காக மட்டும் ஒருவர் பிள்ளையை இழப்பார் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்கின்றது, அதனைக் காலையில் எழுப்பிச் சோறு கொடுத்து அனுப்புபவர் யார், மதுவும் அடியும் அந்த வீட்டில் உண்டா, சகோதரங்கள் ஒன்றாக இருக்க முடியுமா என்பவற்றையே கேட்பார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுக்கலாம். அவர் வரும் நாளுக்காகக் கடன்பட்டு நாற்காலி வாங்க வேண்டாம். பிள்ளையின் பயிற்சிக் கொப்பியையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வையுங்கள். விபரம் தெரிந்த பிள்ளையோடு நீதிபதி தம் அறையில் தனியாகப் பேசுவதும் உண்டு. “ஜட்ஜ் ஐயாட்ட இப்படிச் சொல்லு” என்று பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளையை அனுபவமுள்ள நீதிபதி இரண்டு கேள்வியில் கண்டுகொள்வார். அதனால் பாதிக்கப்படுவது பாடம் சொல்லிக் கொடுத்தவரே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று இருக்கின்றது. பிள்ளை நெடுநாளாக ஓரிடத்தில் வேரூன்றி நலமாக வாழ்ந்தால், அந்த வேரைப் பிடுங்க நீதிமன்றம் தயங்கும். நாற்றுமேடையில் வளர்ந்ததை வயலில் நட்டு, அது பிடித்தபின் மறுபடியும் பிடுங்கினால் என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்தத் தாயின் வழக்கில் நடந்தது இதுவே. வழக்கு விசாரணைக்கு வந்தபோது பிள்ளைகள் தந்தையிடம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டனர். மூத்தவள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தந்தை குடிகாரர் அல்லர், அடிப்பவரும் அல்லர். தாய் குவைத்திலிருந்து பணம் அனுப்பிய வங்கிச் சீட்டுகள் அத்தனையையும் கொண்டு வந்திருந்தார். பிள்ளைகளை அவர் கைவிடவில்லை என்பதை அவை காட்டின. நீதிபதியும் அதனை ஏற்றார். ஆயினும் பள்ளிக் காலத்தில் பிள்ளைகள் தந்தையிடமும், ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் தாயிடமும் இருப்பது என்றே கட்டளை வந்தது. அன்று நீதிமன்றப் படியிலே அமர்ந்து அவர் சொன்னார்: “சாமி, காசு அனுப்புனதுக்குத் துண்டு இருக்கு. புள்ளைங்க பக்கத்துல இல்லாம இருந்த நாளுக்கு என்னா துண்டு காட்டுவேன்?”

எம்மிடம் பதில் இருக்கவில்லை. அந்த எட்டு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அதன்பின் எமது நிலையத்தில் ஒரு வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். பேசித் தீர்க்க இப்போதும் முயல்கின்றோம். ஆனால் சட்டத்தரணியைக் கண்ட பின்பே பேச்சைத் தொடங்குகின்றோம். பேச்சில் உடன்பாடு வந்தால் அதனை நீதிமன்றத்தில் முன்வைத்துக் கட்டளையாக்கிக்கொள்ளும்படி கூறுகின்றோம். பங்குத் தந்தையின் கடிதமோ, பெரியவர்கள் ஒப்பமிட்ட தாளோ, திருச்சபையின் திருமண நீதிமன்றத்தின் முடிவோ கட்டுக்காப்புக் கட்டளை ஆகாது.

தாமதம் தீங்கு என்றால் இரவோடிரவாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று சில இளந்தந்தையர் கேட்கின்றனர். கூடாது. கட்டளை ஒன்று இருக்கும்போது அதை மீறுவது நீதிமன்றத்தை அவமதிப்பது. கட்டளை இல்லாதபோதும், பறித்து வந்தவர் என்ற பெயர் வழக்கு முழுவதும் பின்தொடரும். பள்ளிவாசலில் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுக்கப்பட்ட ஒரு சிறுவனை நாம் அறிவோம். அவன் பல வாரங்கள் பள்ளிக்குச் செல்ல மறுத்தான்.

கட்டுக்காப்புக் கட்டளை கல்லில் எழுதப்பட்டதல்ல. நிலைமை மாறினால் அதே நீதிமன்றத்தில் மாற்றம் கேட்கலாம். தந்தை மறுமணம் செய்து பிள்ளை புறக்கணிக்கப்பட்டாலோ, வளர்ந்த பிள்ளை வேறு விருப்பம் தெரிவித்தாலோ மீண்டும் செல்லலாம். 18 வயதோடு இவை யாவும் முடிவுறும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். மாத்தளை நீதிமன்றத்தின் நடவடிக்கை சிங்களத்தில் நடைபெறும். ஆனால் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி உங்கள் மனுவைத் தமிழில் தாக்கல் செய்யவும், நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தரும்படி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு; மொழிபெயர்ப்பாளரை அரசே தரவேண்டும். விளங்காமல் தலையாட்டாதீர்கள். தலையாட்டியது சம்மதம் என்று பதிவாகிவிடும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடக்கின்றது என்றால் வழக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் விவாகப் பதிவுச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டு வாருங்கள். முகாமிலும் ஓட்டத்திலும் தொலைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். எந்த ஆண்டு, எந்த ஊரில் பதியப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி வந்தால் போதும். உரிய பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க விண்ணப்பிப்போம். பதியப்படாத பிறப்புகளுக்குக் காலங்கடந்த பதிவு செய்யவேண்டும். அவற்றை முதலில் எடுப்போம், ஏனெனில் அவற்றுக்கே அதிக நாள் செல்லும்.