சின்ன டிராக்டர்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள்

காப்பார், பந்திங், கேரித்தீவு பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் பழக்குலை இழுக்கச் சின்ன டிராக்டர் பல இடங்களில் ஓடுகிறது. “சின்ன வண்டிதானே, என்ன செய்துவிடும்?” என்று சிலர் கேட்கிறார்கள். சின்னதானாலும் அதன் எடை ஒரு காரின் எடையை ஒட்டியது. அது மேலே விழுந்தால் ஆள் பிழைப்பது கடினம்.

வண்டி ஏன் கவிழ்கிறது? நம் கடலோரத் தோட்டங்களில் களிமண்ணும் ஆழமான கான்களும் அதிகம். மழைக்குப் பிறகு கான் கரை உள்ளுக்குள் இளகி இருக்கும். பார்வைக்குத் தெரியாது. சக்கரம் கரையோரம் போனால் கரை சரிந்து வண்டி பக்கவாட்டில் புரளும். கான் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளியே ஓட்டுங்கள்.

பின்பக்கமாகக் கவிழ்வது இன்னும் மோசம். பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுழல முடியாதபோது கிளச்சைச் சட்டென்று விட்டால், சக்கரத்துக்குப் பதில் வண்டியின் உடலே மேலே எழும்பும். மல்லாந்து விழ இரண்டு விநாடிகூட ஆகாது. குதிக்க நேரம் கிடைக்காது. ஆகவே புதைந்தால் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்து முறுக்காதீர்கள். ரிவர்சில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் வேறு வண்டியைக் கூப்பிடுங்கள். சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். அச்சுக்கு மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கும்.

ஓட்டுநரின் உயிரைக் காப்பது முதுகுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பிச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன். சுவீடன் நாடு 1959-ல் புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. பிறகு அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். மட்டை தட்டுகிறது என்று சிலர் கம்பியை மடக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். தாழ்ந்த மட்டையைத் தாண்டியதும் திரும்ப நிமிர்த்துங்கள். கம்பி நிமிர்ந்திருந்தால் பெல்ட் போடுங்கள். மடக்கியிருந்தால் போடாதீர்கள்.

மட்கார்டில் யாரையும் ஏற்ற வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளை. அப்பா ஓட்டுகிற வண்டிதான் என்றாலும், ஒரு குலுக்கலில் பிள்ளை விழுவது பின்சக்கரத்துக்கு முன்னால்தான்.

இன்ஜின் சக்தியை வெளியே எடுக்கும் தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்று. கழுத்துத் துண்டோ சட்டை நுனியோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள அவகாசம் இராது. துண்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மூடி இல்லாத தண்டை ஓட்டாதீர்கள்.

இனி உடம்பு. சீட் குலுங்கும் அதிர்வு முதுகெலும்பைச் சிறுகச் சிறுகக் கெடுக்கும். கிளச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். உங்கள் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கையும் திருப்புங்கள். பள்ளம் மேட்டில் மெதுவாகப் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்து, தண்ணீர் குடியுங்கள். இறங்கும்போது குதிக்காமல், வண்டியைப் பார்த்தபடி பிடித்து இறங்குங்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் காதடைப்பான் கேளுங்கள். கெட்ட காது திரும்ப வராது.

விபத்து நடந்துவிட்டால் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். 999-க்கு அழையுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முதுகில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள்.

வேலை விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துக் காப்பு உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தப்பட்ட வேலைப் பாதுகாப்புச் சட்டப்படி, உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பிரேக் பிடிக்காத வண்டியைத் தண்டல் எடுக்கச் சொன்னால், “ரிப்பேர் செய்து கொடுங்க, அப்புறம் ஓட்டுறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். பழம் ஒரு நாள் தாமதமாகப் போகலாம். நீங்கள் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும்.