வீட்டு அடுக்களைப் பதார்த்தங்களை விற்பதற்கு ஒரு வழிகாட்டி

முசரவாக்கம் போன்ற காஞ்சி வட்டாரத்து ஊர்களில், கைப்பக்குவத்தையே மூலதனமாகக் கொண்டு பதார்த்தம் செய்து விற்க முற்படும் எவரும், விற்பது ஒரு படி முறுக்கேயாயினும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவரே என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

1. பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்தல்: வரதராஜப் பெருமாள் சந்நிதியில் நிவேதனமாகும் கோவில் இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த மாவை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, ஆவியில் வேகவைத்து எடுப்பது. ஈரம் மிகுந்த அத்தகைய பண்டம் விரைவில் கெடுமாதலால், புதிதாகத் தொடங்குவோர் பொடி, முறுக்கு, வடகம் முதலிய உலர்ந்தவற்றைக் கைக்கொள்வதே உசிதம்.

2. பதிவு செய்தல்: அச்சட்டத்தின் கீழ் அமைந்த 2011-ஆம் ஆண்டு விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உற்பத்தியாளரிடம் உரிமம் கேளாமல், ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் பதிவு ஒன்றையே கேட்டன. வரம்பும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவையாதலால், விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் அவற்றைச் சரிபார்த்து, புகைப்படமும் அடையாளச் சான்றும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். 14 இலக்கப் பதிவெண்ணுடன் வரும் சான்றிதழை, பார்ப்பவர் கண்ணில் படும்படி மாட்டி வைத்தல் அவசியம்.

3. அடுக்களையைச் சீர்செய்தல்: குடிப்பதற்குத் தகுந்த நீர், துரு ஏறாத பாத்திரங்கள், மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஒட்ட வெட்டிய நகங்கள் ஆகியவை இன்றியமையாதவை. தொற்றுநோயோ ஆறாத புண்ணோ உடையவர், வீட்டாரேயாயினும், குணமாகும்வரை மாவைத் தொடலாகாது. வீட்டிலேயே தறி ஓடுமாயின், பட்டுநூலின் தூசியும் சாயமும் புழங்கும் தறிக்கூடத்திலிருந்து மாவும் எண்ணெயும் விலகியே இருத்தல் வேண்டும்.

4. பொட்டலமும் சீட்டும்: பண்டத்தின் பெயர், எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்திய சேர்பொருள்கள், நிகர எடை, விலை, செய்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சைவத்திற்குரிய பச்சைக் குறி, பதிவெண் ஆகியவை தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். வேர்க்கடலையோ எள்ளோ கோதுமையோ பாலோ சேர்ந்திருப்பின் அதையும் தனியே குறித்தல், ஒவ்வாமை உடையவரின் உயிரைக் காப்பதாகும்.

5. கணக்கு வைத்தல்: எந்தக் கடையில் வாங்கிய பருப்பு எந்த நாளின் ஈட்டில் சேர்ந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வந்தால், குறை நேரும்போது அந்த ஈட்டை மட்டும் உடனே திரும்பப் பெற இயலும். பதிவுக்குக் காலவரம்பு குறிக்கப்பட்டிருப்பின், அது முடிவதற்கு ஒரு மாதத்திற்கு முன்பே பதிவைப் புதுப்பித்துக்கொள்க.

முகமறியாத ஒருவர், நம் வீட்டுப் பண்டத்தைத் தம் குழந்தைக்கு ஊட்டுகிறார். அவர் வைக்கும் நம்பிக்கைக்குப் பாத்திரமாவதே இவ்விதிகள் அனைத்தின் தாத்பரியம்.