குடியேற்றமும் எண்ணும் நெறியும்

பிற நாட்டார் ஒரு நாட்டினுள் புகுந்து வாழ்தற்கு இடந்தரலாமோ, தரின் எத்துணைப் பேர்க்குத் தரலாம் என்னும் வினா இக்காலத்து அரசுகள் பலவற்றை வருத்துகின்றது. இதுபற்றி எழும் வாதங்களைக் கேட்குமிடத்து, ஒரு சாரார் கதவைத் திறமின் என்பதும், மற்றொரு சாரார் அடைமின் என்பதுமே நம் செவியில் விழுகின்றன. ஆயின், சட்டங்களை எடுத்துக் கற்பார்க்கு வேறொன்று புலனாகும். பெரும்பாலான நாடுகளில் அக்கதவு முற்றத் திறந்ததும் அன்று; முற்ற அடைத்ததும் அன்று. புகுவாரை எண்ணி எண்ணி உள்ளே விடுகின்றனர். யாரை எக்கணக்கில் வைத்து எண்ணுவது என்னும் அந்நெறியிலேதான் நன்மையும் தீமையும் மறைந்து கிடக்கின்றன. இதனை அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு கொண்டு ஆராயப் புகுகின்றோம். பழங்குடியினர் ஒழிய ஏனையோரெல்லாம் வந்தோரும் கொணரப்பட்டோரும் ஆகிய நாடு அது. நம் மாணவர் பலர் இன்று நோக்கியிருக்கும் நாடும் அதுவே.

இப்பொருள்பற்றி எழுதுவார் கணியன் பூங்குன்றனாரை முதற்கண் துணைக்கழைத்தல் வழக்கம். யாம் அழைத்திலம். சட்டத்தின் நுணுக்கம் பாட்டின் பெருமையால் விளங்குவதன்று, கணக்கினால் விளங்குவது.

அந்நாட்டில் நெடுங்காலம் வருவாரைத் தடுப்பார் மிகச் சிலரே. 1882-ஆம் ஆண்டிற்றான் சீனத் தொழிலாளரை விலக்கும் சட்டம் பிறந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் படிக்கத் தெரியாதாரை விலக்கியதோடு, இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்கும் வேலியிட்டது. எனினும் எண்ணிக்கை என்னும் கருவி அரசின் கைக்கு வந்தது 1921-ஆம் ஆண்டிலேயாம். 1910-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டுப் பிறப்பினர் தொகையிலும் நூற்றுக்கு மூவர் வீதம் ஆண்டுதோறும் வரலாம் என்பது அச்சட்டம். கோட்டா எனப்படும் நாட்டுப்பங்கு இதுவே.

மூன்றாண்டு கழித்து, 1924-இல், அதனை மாற்றினர். நூற்றுக்கு மூவர் என்பது நூற்றுக்கு இருவராயிற்று. அஃது ஒரு பெருங்குறையன்று. 1910-ஆம் ஆண்டுக் கணக்கை நீக்கி 1890-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டதே சட்டஞ் செய்தார் சூழ்ச்சி. இத்தாலியரும் போலந்து நாட்டாரும் உருசிய நாட்டு யூதரும் பெருந்திரளாக வந்தது 1890-க்குப் பின்னரே. பங்காளிகளுக்குச் சொத்தைப் பிரிக்குங்கால், இளையவன் பிறப்பதற்கு முன்பிருந்த குடும்பக் கணக்கைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பிரித்தால் எங்ஙனமிருக்கும்? அங்ஙனமே இருந்தது இது. இத்தாலியின் பங்கு ஆண்டுக்கு 42,057 என்பதிலிருந்து 3,845 ஆகக் குறைந்தது. சட்டத்தின் சொற்களிலே இத்தாலியர்மீது வெறுப்புரை ஒன்றுமில்லை. ஓர் ஆண்டின் எண் மட்டுமே உண்டு. 1929 முதல் வேறொரு முறையால் பங்கு வகுத்தபோதும், ஆண்டு மொத்தம் 1,53,714-இல் பிரிட்டன் ஒன்றற்கே 65,721 அளிக்கப்பட்டது.

இச்சட்டம் பிரதிநிதிகள் சபையில் வந்தபோது எதிர்த்தெழுந்தாருள் ஒருவர் இமானுவேல் செல்லர். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து 1923-இல் சபை புகுந்த புதியவர்; ஜெர்மனியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தினர். புதியவர் சொல் அம்பலமேறவில்லை. ஆயினும் அவர் அப்பொருளை விட்டாரல்லர். வாசகர் இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்க.

நிற்க. ஐரோப்பியர்க்குப் பங்கு குறைந்தது. ஆசியர்க்கோ பங்கே இல்லை. குடியுரிமை பெறுதற்குரியார் வெள்ளையர் என 1790-இலும், ஆப்பிரிக்க வழியினரும் ஆவர் என 1870-இலும் விதிக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமைக்குத் தகுதியில்லாதார் குடியேறவும் தகார் என்றது 1924-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவிற்கும் சீனாவிற்கும் நூறு நூறு பேர் எனப் பங்கு குறித்திருந்தனர். ஆனால் அந்நாடுகளிற் பிறந்த வெள்ளையரே அதற்குரியர்! இத்தகைய கொடைக்கு நம் மொழியில் என்ன பெயரிடுவதென்று யாம் அறியோம்.

இந்நிலையை உறுதிப்படுத்தியது பகத் சிங் திந்து என்பாரின் வழக்கு. பஞ்சாபிற் பிறந்த சீக்கியராகிய இவர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் சேர்ந்து பணியாற்றியவர். 1922 நவம்பரில் ஓசாவா என்னும் சப்பானியர் தொடுத்த வழக்கில், வெள்ளையர் என்னுஞ் சொல் காக்கேசிய இனத்தாரைக் குறிக்கும், சப்பானியர் அவ்வினத்தாரல்லர் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அற்றேல், வட இந்தியரைக் காக்கேசிய இனத்துள் அறிஞர் அடக்குகின்றனரே என வாதித்தார் திந்து. மூன்று திங்கள் கழித்து, 1923 பிப்ரவரியில், அதே நீதிமன்றம், அறிஞர் கூறும் பொருள் வேண்டா, பொதுமக்கள் கொள்ளும் பொருளே கொள்ளத்தக்கது என்று கூறி அவரையும் விலக்கியது. இரு தீர்ப்பையும் எழுதியவர் சதர்லண்டு என்னும் ஒரே நீதிபதி. உலக வழக்கென்றும் நூல் வழக்கென்றும் சொற்பொருளைப் பகுத்துப் பயிலும் எமக்கு இது பெருவியப்பே. ஒருவரை விலக்குதற்கு நூல் வழக்கும், மற்றவரை விலக்குதற்கு உலக வழக்கும் பயன்பட்டன. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர் அத்தீர்ப்பின் பின் அதனை இழந்தனர். திந்து 1936-இற்றான், போர்வீரர்க்கென வந்த வேறொரு சட்டத்தின் துணையால் குடியுரிமை எய்தினார்.

இரண்டாம் உலகப் போரில் சீனாவும் இந்தியப் படையும் அமெரிக்காவின் பக்கம் நின்று பொருதபின், இவ்விலக்குகளைக் காத்தல் அவர்க்கே நாணமாயிற்று. 1943-இல் சீனர்க்கு ஆண்டுக்கு 105 இடம். 1946-இல் லூசு, செல்லர் என்னும் இருவர் கொணர்ந்த சட்டத்தால் இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் தகுதியும் ஆண்டுக்கு 100 இடமும் கிடைத்தன. எதிர்த்துப் பேசிய அப்புதியவரே ஈண்டுக் குறித்த செல்லர். பல கோடி மக்களுக்கு நூறு இடம் என்பது நகைக்கத்தக்க எண்ணே. எனினும் கதவின் சிறு இடுக்கும் கதவுதான் என்பதற்குத் தலிப் சிங் சௌந்து சான்றாவார். 1899-இல் பஞ்சாபிற் பிறந்து, 1920-இல் அமெரிக்கா சென்று, கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றும் உழவு செய்தே வாழ்ந்த இவர், அச்சட்டத்திற்காக உழைத்து, 1949-இல் குடியுரிமை பெற்று, 1956-இல் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வழியினர் ஒருவர் வாக்குரிமையுள்ள உறுப்பினராக அச்சபை புகுந்தது அதுவே முதன்முறை.

1952-ஆம் ஆண்டுச் சட்டம் இனவிலக்கை எடுத்துவிட்டதாகக் கூறிக்கொண்டு, எண்ணும் நெறியில் ஒரு முள்ளை வைத்தது. ஐரோப்பியர் யாவரும் தாம் பிறந்த நாட்டின் பங்கில் எண்ணப்பட்டனர். ஆசிய வழியினரோ எங்குப் பிறப்பினும் தம் குருதியின் நாட்டிற்கே எண்ணப்பட்டனர். இலண்டனிற் பிறந்த சீனர் ஒருவர் பிரிட்டனின் பெரும்பங்கிற் சேரார். சீனரின் 105-இலேயே சேர்வர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அச்சட்டத்தை மறுத்துத் திருப்பியனுப்பினார். காங்கிரசு அம்மறுப்பையும் மீறி நிறைவேற்றியது.

1965 அக்டோபர் 3-ஆம் நாள், சுதந்திர தேவியின் சிலையடியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டமே நாட்டுப்பங்கு முறையை வேரொடு களைந்தது. அதனைக் கொணர்ந்தாருள் ஒருவர் மீண்டும் செல்லர். 1924-இல் எதிர்த்ததனைத் தாமே 1965-இல் நீக்கினார். இடையிற் கழிந்தவை 41 ஆண்டுகள். கீழ்ப்பாதி உலகிற்கு ஆண்டுக்கு 1,70,000 எனவும், ஒரு நாட்டிற்கு 20,000-க்கு மேற்படாது எனவும் வகுத்து, எல்லா நாட்டையும் ஒரு நிறையிலே நிறுத்தியது அது. உறவினர்க்கே பெரும்பான்மை இடங்களை ஒதுக்கினர். உறவினரை அழைப்பார் ஐரோப்பியராகவே இருப்பர், ஆதலின் நாட்டின் நிறம் மாறாது என்பது சிலர் கருத்து. ஜான்சனும் இது புரட்சிச் சட்டம் அன்றென்றே கூறினார். நிகழ்ந்தது வேறு. ஐரோப்பாவிலிருந்து வருவார் குறைந்தனர். மருத்துவராகவும் பொறியாளராகவும் வந்த ஆசியர் பின்னர்த் தம் சுற்றத்தை அழைத்தனர்.

மெக்சிகோ நாட்டார் திறத்தில் இச்சமநிறை மாறுபட்ட பயனைத் தந்தது. 1942 முதல் 1964 வரை அந்நாட்டு உழவுத் தொழிலாளரை ஒப்பந்தத்தின்பேரில் அமெரிக்க அரசே அழைத்துவந்தது. அவ்வொப்பந்தம் முடிந்தது, அமெரிக்கக் கண்டத்து நாடுகளுக்கு 1968 முதல் ஒரு மொத்த வரம்பும், 1976-இல் நாட்டிற்கு 20,000 என்னும் வரம்பும் வந்தன. தோட்டங்களில் பழம் பழுப்பது நிற்கவில்லை. பறிப்பாரை அழைக்கும் முதலாளிகளும் நிற்கவில்லை. நேற்றுவரை சீட்டோடு வந்தவர் இன்று சீட்டின்றி வந்தனர். 1986-இல் சுமார் 27 இலட்சம் பேர்க்குச் சட்டநிலை வழங்கவேண்டியதாயிற்று. பின்னரும் சீட்டிலார் தொகை பெருகவே, 2013-இல் செனட்டு சபை 68-க்கு 32 என்னும் வாக்கால் ஒரு பெருஞ் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது; பிரதிநிதிகள் சபை அதனை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவரைச் சட்டத்தை மீறினார் என்று மட்டும் கூறி அமைவது அரைக்கணக்கு என்பது எம் கருத்து. வேலைக்கு அழைத்த கையையும் சேர்த்து எண்ணவேண்டும்.

இனி நம் மாணவரைத் தொடும் பகுதிக்கு வருவோம். தொழில் வழியாக நிலைத்து வாழும் உரிமை, கிரீன் கார்டு என வழங்குவது, ஆண்டுக்கு 1,40,000 பேர்க்கு என 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. மனைவி மக்களும் அவ்வெண்ணுள் அடக்கம். ஒரு நாட்டார் நூற்றுக்கு ஏழிற்கு மேற் கொள்ளலாகாது என்பதும் அச்சட்டமே. பிறர் எடாது விட்ட மிச்சம் இருந்தாலன்றி, ஒரு நாட்டிற்குக் கிடைப்பது 9,800. ஐசுலாந்துக்கும் அதுவே வரம்பு. இந்தியாவிற்கும் அதுவே வரம்பு. ஆதலின் இந்தியப் பொறியாளர் பலர்க்குக் காத்திருப்பு பத்தாண்டினும் மிகுகின்றது. பெற்றோரோடு சிறுவராய்ச் சென்ற பிள்ளை, முறை வருமுன் 21 வயது நிரம்பின், பிள்ளை என்னும் கணக்கினின்று பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. எம்மோடொத்த வயதினர் சிலர், தாம் வளர்ந்த ஊரில் தொடர்ந்து வாழ்தற்கு வேறு வழி தேடுகின்றனர். இல்லையேல் மொழியும் மறந்த நாட்டிற்குத் திரும்புகின்றனர்.

எண்ணும் நெறி இங்கும் ஒரு புதுமை செய்கின்றது. ஒரு தாய் வயிற்றிற் பிறந்த இருவரைக் கருதுக. அண்ணன் சென்னையிற் பிறந்தான். தந்தை குவைத்திற் பணியாற்றிய காலத்துத் தங்கை ஆங்குப் பிறந்தாள். இருவரும் இந்தியக் குடிகள். இருவரும் ஒரே கல்லூரியிற் பயின்று, ஒரே தொழிலில் அமெரிக்கா சென்றனர். தங்கை குவைத்தின் கணக்கில் எண்ணப்பட்டு விரைவில் உரிமை எய்துவாள். அண்ணன் இந்தியாவின் நீண்ட வரிசையில் நிற்பான். 1952-இல் குருதியை எண்ணினர். பின்னர் தொட்டிலை எண்ணுகின்றனர். இரண்டினும் ஆள் எண்ணப்படவில்லை.

இவ்வரம்பைக் காப்பார் கூற்றையும் புறக்கணித்தல் தகாது. வரம்பை எடுத்துவிடின், நெடுநாட் காத்திருக்கும் இந்தியரே சில ஆண்டு எல்லா இடத்தையும் கொள்வர். பிற நாட்டாரின் முறை முடங்கும். ஓரிரு நாட்டார் மட்டும் வரும் வாயிலாக அது முடியும் என்பர். உண்மையே. மொத்த எண் கூடாதிருக்க வரம்பை மட்டும் எடுப்பது காத்திருப்பைப் போக்காது; பலர்க்குப் பங்கிட்டுக் கொடுக்கும். ஆனால் காத்திருப்பையேனும் சமமாகப் பங்கிடுதல் நீதியின்பாற்படும் என்றே யாம் கொள்கின்றோம். நாடுகளுக்குள் சமன் செய்யப் புகுந்த விதி, மக்களுக்குள் சமனை அழித்தல் ஏற்புடைத்தன்று. தொழிலுக்கெனத் தேர்ந்தெடுக்கப்படுவார் திறத்தில் பிறந்த ஊருக்கு என்ன வேலை என்பதற்கு நிறைவான விடை யாண்டும் கண்டிலம்.

2019 சூலைத் திங்களில், தொழில்வழி உரிமையில் நாட்டு வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்னும் வாக்கால் நிறைவேறிற்று. செனட்டு சபை 2020 டிசம்பரில் அதனை வேறுபடுத்தி, எதிர்ப்பின்றி ஏற்றது. ஒரு சபையின் பாடமும் மற்றொன்றின் பாடமும் ஒன்றாக்கப்படவில்லை. 2021 சனவரியில் அக்காங்கிரசின் காலம் முடிந்தது. மசோதாவும் அதனோடு முடிந்தது.