ஐந்து முறை விசாரிக்கப்பட்ட மருத்துவர்

சென்ற கல்வியாண்டில் ஏழாம் வகுப்பில் சுற்றுலாவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது நூறு ரூபாய் குறைந்தது. இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்தவள் ஒரே ஒரு மாணவி. அவளை எழுப்பி, "பையைக் கொட்டிக் காட்டும்மா" என்றேன். "நான் எடுக்கல டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே கொட்டினாள். புத்தகங்களும் பாதி தின்ற கடலை மிட்டாயும்தான் விழுந்தன.

மறுநாள் அந்த நூறு ரூபாய் என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே கிடைத்தது. அவளைத் தனியாக அழைத்துச் சமாதானம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. சந்தேகப்பட்டது முப்பத்தெட்டு பேர் முன்னால். சமாதானம் சொன்னதோ யாரும் இல்லாத இடத்தில்.

அந்த வாரம், நவம்பர் 20 உலகக் குழந்தைகள் தினத்துக்காகக் காலை வணக்கக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. அதற்குத் தயாரித்தபோதுதான் போலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றி விரிவாகப் படித்தேன்.

மருத்துவமனையிலிருந்து இல்லத்துக்கு

அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கோர்ச்சாக் என்பது எழுதுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர். மருத்துவம் படித்து முடித்து, வார்சாவின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினார். நல்ல பெயரும் வருமானமும் இருந்தன. ஆனால் குணமாகிப் போகும் ஏழைக் குழந்தை அதே பசிக்கும் அதே இருட்டறைக்கும்தான் திரும்புகிறது என்பதை அவர் கண்டார். 1912இல் க்ரோஹ்மால்னா தெருவில் தொடங்கிய அனாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற ஆசிரியை உடன் நின்று அந்த இல்லத்தை நடத்தினார்.

மருத்துவமனையை விட்டாலும் மருத்துவரின் பழக்கத்தை அவர் விடவில்லை. வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் தானே அளந்து குறித்தார். மருத்துவருக்குக் காய்ச்சலும் இருமலும் எப்படியோ, அப்படித்தான் ஆசிரியருக்குக் குழந்தையின் கண்ணீரும் சிரிப்பும் என்பது அவர் கருத்து. எந்த மருத்துவரும் காய்ச்சலைத் திட்டுவதில்லை, காரணத்தைத் தேடுகிறார். நாமோ வகுப்பில் பெரும்பாலும் அறிகுறியைத்தான் தண்டிக்கிறோம்.

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு அவர் எடுத்த ஒரு வகுப்பு இன்றும் பேசப்படுகிறது. ஒரு சிறுவனை எக்ஸ்ரே திரைக்குப் பின்னால் நிறுத்தினார். இருட்டறையும் புதிய முகங்களும் கண்டு அவன் பயந்திருந்தான். படபடவென்று துடிக்கும் அவன் இதயம் திரையில் தெரிந்தது. குழந்தையின் மேல் கை ஓங்கத் தோன்றும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொன்னதோடு பாடம் முடிந்தது.

குழந்தைகள் நடத்திய நீதிமன்றம்

அந்த இல்லத்தில் குழந்தைகளே நடத்திய நீதிமன்றம் ஒன்று இருந்தது. யார் மீதும் யாரும் வழக்குப் போடலாம். அந்த வாரம் தங்கள் மேல் வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து ஐந்து பேர் குலுக்கல் முறையில் நீதிபதிகளாவார்கள். இதற்காகக் கோர்ச்சாக் ஒரு சட்டத் தொகுப்பே எழுதினார். அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையும் வழக்கைக் கைவிடுவதையும் பற்றியவை. நூறுக்கு மேல் போகப் போகக் கடுமை கூடும். ஆயிரமாவது பிரிவு மட்டுமே இல்லத்தைவிட்டு அனுப்புவது.

பெரியவர்கள் மீதும் அங்கே வழக்குப் போடலாம். அரை ஆண்டுக்குள் தன்மேல் ஐந்து வழக்குகள் வந்ததாகக் கோர்ச்சாக்கே எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கை அறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிற்க வைத்தது, நீதிபதி ஒருவரை அவமதித்தது ஆகியவை நான்கு. ஐந்தாவதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு சிறுமியைத் திருட்டுக்காகச் சந்தேகப்பட்டது!

ஐந்திலும் மன்னிக்கும் பிரிவுகளின்படியே குழந்தைகள் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்குகளே தன்னை நல்ல ஆசிரியராக்கின என்பது அவர் எண்ணம்.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் வார்சா யூதர்களை மதில் சூழ்ந்த பகுதிக்குள் அடைத்தார்கள். 1940இல் இல்லமும் அதற்குள் மாற்றப்பட்டது. வயதும் நோயும் தளர்த்திய நிலையிலும் கோர்ச்சாக் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்கு உணவு திரட்டினார். 1942 ஜூலை 18 அன்று அக்குழந்தைகள் அங்கே ஒரு நாடகம் நடித்தார்கள். அது நம் தாகூரின் 'தபால் நிலையம்'. நோயுற்று ஜன்னலோரத்தில் காத்திருக்கும் சிறுவன் அமலின் கதை.

மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் தொடக்கத்தில், இல்லத்தின் ஏறத்தாழ 200 குழந்தைகளையும் ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்ல உத்தரவு வந்தது. கோர்ச்சாக்கைத் தப்பிக்க வைக்க நண்பர்கள் முன்வந்திருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அவரும் ஸ்டெஃபானியாவும் குழந்தைகளுடன் நடந்தே ரயிலடிக்குப் போனார்கள். யாரும் திரும்பவில்லை. ட்ரெப்ளிங்கா நினைவிடத்தில் ஆயிரக்கணக்கான கற்கள் நிற்கின்றன. தனிமனிதர் பெயர் பொறித்த ஒரே கல்லில், அவர் பெயரோடு குழந்தைகளும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

குழந்தைகளின் உரிமைகளுக்கு உலக உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989 நவம்பர் 20 அன்று அது நிறைவேறியது. 1992இல் இந்தியாவும் ஏற்றது. உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படிக்கும்போது, இப்போதெல்லாம் எனக்கு அந்த எக்ஸ்ரே திரைதான் நினைவுக்கு வருகிறது.

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

நீதிமன்றத்தை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. வாரம் ஒரு பாடவேளையை வகுப்புக் கூட்டமாக்கலாம். சின்னச் சின்னப் பிணக்குகளைக் குழந்தைகளே பேசித் தீர்க்கட்டும், 'மன்னிக்க முடியுமா?' என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். ஆசிரியர் மேல் உள்ள மனக்குறையையும் சொல்ல இடம் கொடுங்கள். குழந்தையின் பாதுகாப்பு சார்ந்த எதையும் இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. அதை உடனே தலைமை ஆசிரியரிடமோ 1098 எண்ணிலோ தெரிவிக்க வேண்டும்.

என் வகுப்பின் முதல் கூட்டத்தில் முதல் வழக்கு என் மேல்தான். நானே போட்டேன். நடந்ததைச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "மன்னிச்சிரலாம் டீச்சர். ஆனா இனிமே யாரு பையையும் கொட்டச் சொல்லக் கூடாது" என்றான். அதையே தீர்ப்பாக எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

அவள் அன்று எதுவும் பேசவில்லை. இப்போது எட்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள். என்னிடம் சிரித்துப் பேசுகிறாள். ஆனால் வகுப்பில் பணம் சேர்க்கும் நாளில் மட்டும், இடைவேளை மணி அடித்ததும் எல்லோருக்கும் முன்னால் வெளியே போய்விடுகிறாள். அதைக் காணும் ஒவ்வொரு முறையும் என் வழக்கு இன்னும் முடியவில்லை என்று புரிகிறது.